எந்தச் சரிவு, எந்த மாதம்: நீலகிரி நாய்களின் பருவகால அரிப்பு

மாசி, பங்குனியில் குளிர் விட்டு வெயில் ஏறத் தொடங்கியதும் நீலகிரியில் நாய் வளர்க்கும் வீடுகளில் ஒரே புலம்பலாக இருக்கும். "ராத்திரி முழுக்கக் காலை நக்கிக்கிட்டே இருக்குது, யாரையும் தூங்க விடல." மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஓர் ஊசி போட்டால் இரண்டொரு நாளில் அடங்கிவிடும். சில வாரம் கழித்து மறுபடியும் தொடங்கும். அடுத்த வருடமும் ஏறக்குறைய அதே நேரத்தில் வரும். பூ பூக்கிற காலம், மகரந்த அலர்ஜி என்று சொல்லி எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

மகரந்தம் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் பருவகால ஒவ்வாமை பற்றி நமக்குக் கிடைக்கிற விளக்கங்களில் பெரும்பாலானவை பனி உருகி வசந்தம் பிறக்கிற நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நீலகிரியில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். அதுவும் மலையின் இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் நனைவதில்லை. கூடலூர் நாய்க்கு அரிப்பு கூடும் மாதமும் கோத்தகிரி நாய்க்கு அரிப்பு கூடும் மாதமும் வேறாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. அதனால் இந்த ஊரில் ஒவ்வாமையைப் புரிந்துகொள்ள முதலில் வேண்டியது ஒரு காலண்டர்தான். எந்த மாதம் ஆரம்பித்தது, உடம்பில் எந்த இடத்தில் ஆரம்பித்தது, அப்போது மழையா பனியா வெயிலா என்று குறித்து வைத்திருக்கும் வீட்டுக்காரர் மருத்துவரின் வேலையில் பாதியை முடித்துக் கொடுத்துவிடுகிறார்.

தும்மல் இல்லாத அலர்ஜி

நமக்கு ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் தும்மல், மூக்கொழுகல், கண் எரிச்சல். நாய்க்கு அதே கோளாறு பெரும்பாலும் தோலில்தான் தெரியும். ஒவ்வாமை உள்ள நாயின் தோல், காப்புச் சுவராகச் சரியாக வேலை செய்வதில்லை. மகரந்தமும் தூசியும் பூஞ்சை வித்தும் தோலில் பட்டு, அந்தப் பலவீனமான இடங்கள் வழியாக உள்ளே போகின்றன. உடல் அவற்றை எதிரியாக நினைத்துக் கிளர்ந்தெழுகிறது. அப்போது சுரக்கும் வேதிப்பொருட்களில் இன்டர்லூக்கின் 31 என்பது அரிப்பு உணர்வை நேராக நரம்புக்குக் கடத்தும். நமக்குத் தும்மலும் அரிப்பும் கொடுக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் நாம் சளிக்குப் போடும் செட்ரிசின் மாத்திரையே போதும். அது பல நாய்களுக்கு ஏமாற்றமாகவே முடிவதற்கு இதுதான் காரணம்.

இந்த வகை ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் முதன்முதலாகத் தலைகாட்டும். ஏழெட்டு வயது வரை சுத்தமாக இருந்த நாய்க்குத் திடீரென்று அரிப்பு வந்தால் வேறு காரணத்தை முதலில் தேட வேண்டும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் இது அதிகம் பார்க்கப்படுகிறது. நாட்டு நாய்க்கு வரவே வராது என்று நினைக்க வேண்டாம்.

பகல் வெளிச்சத்தில் நாயைப் படுக்க வைத்து ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். முன்கால் விரல்களை விரித்து நடுவில் பாருங்கள். வெள்ளை அல்லது வெளிர்நிற நாயாக இருந்தால் அங்கே முடி செம்பழுப்பு நிறமாக மாறியிருக்கும். அது அழுக்கோ ரத்தமோ இல்லை. எச்சிலில் உள்ள நிறமிதான். நாள்கணக்கில் நக்கிய இடம் அப்படி ஆகும். யாரும் பார்க்காத நேரத்தில் நக்கினாலும் அந்த நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் காது மடலின் உட்புறம், கண்ணையும் வாயையும் சுற்றி, அக்குள், அடிவயிறு, தொடையிடுக்கு. இந்த இடங்களில் முதலில் சிவப்பும் அரிப்பும் வரும். பல மாதம் கவனிக்காமல் விட்டால் தோல் கறுத்து, தடித்து, யானைத் தோல் போலச் சுருங்கிவிடும். புளித்த வாடை வந்தால் ஈஸ்ட் பூஞ்சையும் சேர்ந்துவிட்டது என்று பொருள். அடிக்கடி காது சீழ் பிடிக்கும் நாய்க்குப் பெரும்பாலும் ஒவ்வாமைதான் அடிப்படையாக இருக்கும். காதுக்கு மட்டும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தால் தீராது.

மகரந்தத்தின் மேல் பழி போடும் முன்

இந்த நோயை உறுதி செய்ய ஒரே ஒரு பரிசோதனை என்று எதுவும் கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சுவதுதான் இது. ரத்தம் எடுத்து அலர்ஜிப் பட்டியல் தரும் சோதனைகள் விற்கப்படுகின்றன. அரிப்பே இல்லாத ஆரோக்கியமான நாய்க்கும் அதில் பாசிட்டிவ் வரும். நோய் உறுதியான பிறகு, எதற்கு எதிராகச் சிகிச்சை கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் அது பயன்படும். எடுத்தவுடனே அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

முதலில் விலக்க வேண்டியது தெள்ளுப்பூச்சி. குளிர் ஊரில் தெள்ளு வராது என்று ஊட்டியில் பலர் உறுதியாகச் சொல்வார்கள். திறந்தவெளியில் உறைபனி விழும் இரவுகளில் அது சரிதான். ஆனால் தெள்ளு வாழ்வது வீட்டுக்குள். கணப்பு மூட்டிய அறை, மரப்பலகைத் தரை, சோபாவின் இடுக்கு, நாய் படுக்கும் சாக்கு எல்லாம் அதற்குச் சொர்க்கம். நாயின் மேல் நாம் பார்க்கும் பெரிய தெள்ளுகள் மொத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில் கிடக்கும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருந்து, வெப்பமும் நடமாட்டமும் உணர்ந்ததும் வெளியே வரும். பங்குனியில் வெயில் ஏறும்போது தெள்ளு கிளம்புவதும் மரங்கள் பூப்பதும் ஒரே நேரத்தில் நடந்தால், பூவின் மேல்தான் பழி விழும்.

கண்டுபிடிப்பது சுலபம். அரிப்பு முதுகின் பின்பகுதியிலும் வால் அடியிலும் அதிகமாக இருந்தால் தெள்ளைச் சந்தேகியுங்கள். ஒரு வெள்ளைத் தாளை ஈரமாக்கித் தரையில் விரித்து, பேன் சீப்பால் அந்த இடத்தை வாருங்கள். விழும் கறுப்புத் துகள்கள் ஈரம் பட்டுச் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். உயிருள்ள பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டாலும் இது போதும். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஓரிரு கடியே பல நாள் அரிப்பைக் கொடுத்துவிடும்.

அடுத்தது சொறி. காது மடலின் விளிம்பில், முழங்கையில், பின்கால் மூட்டில் முடி உதிர்ந்து பொருக்குத் தட்டியிருந்தால் சொறிச் சிற்றுண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம். காது விளிம்பை விரலுக்கிடையில் லேசாகத் தேய்த்தால் நாய் தன்னையறியாமல் பின்காலை ஆட்டும். வீட்டில் உள்ளவர்களுக்கும் கையிலும் வயிற்றிலும் அரிப்புப் பொரிகள் வந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். பருவகால ஒவ்வாமை காது விளிம்பைப் பெரும்பாலும் தொடாது.

மூன்றாவது உணவு ஒவ்வாமை. இதற்கு மாதக் கணக்கு கிடையாது. வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, நாய் இதுவரை தின்னாத ஒரு புரதத்தையும் ஒரு மாவுச்சத்தையும் மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான். நம் ஊரில் இது தோற்பது வர்க்கியால். காலை டீயோடு ஒரு துண்டு வர்க்கி, தாத்தா கையால் ஒரு ரஸ்க், பக்கத்து வீட்டில் கோழி எலும்பு. அந்த எட்டு வாரத்தில் இதில் ஒன்று போனாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மலையின் காலண்டர்

இனி காலண்டருக்கு வருவோம். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குப் பக்கத்தை நனைக்கிறது. தேவாலா, பந்தலூர், கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி எல்லாம் அப்போது விடாமல் ஊறும். 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவும் அதையொட்டிய மேடும் குறுக்கே நிற்பதால் கிழக்கே கோத்தகிரிக்கு அந்த மழை மெலிந்துதான் போகும். அக்டோபரில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர் சரிவுகளில் கொட்டுகிறது. அப்போது கூடலூர் காயத் தொடங்கியிருக்கும். நடுவில் இருக்கும் ஊட்டிக்கு இரண்டிலும் பங்கு உண்டு.

இந்த ஈரம்தான் முக்கியம். வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிற்றுண்ணி வாழ்கிறது. அது தண்ணீர் குடிப்பதில்லை; காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சியே பிழைக்கிறது. நாய்களின் ஒவ்வாமைக்கு உலகெங்கும் முன்வரிசைக் காரணம் இதுதான். மழைக்காலத்தில் சன்னல் சாத்தி, கம்பளியை எடுத்து விரித்து, வெயில் முகமே பார்க்காமல் இரண்டு மாதம் இருந்தால் அது பல்கிப் பெருகும். கூடவே சுவரில் பூஞ்சணம். ஆக, "மழை வந்தா அரிக்குது" என்று ஒருவர் சொன்னால் அது மகரந்தத்தைவிட இந்த இரண்டையும்தான் காட்டுகிறது. கூடலூரில் அது ஆடி, ஆவணி. கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை.

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், எனக்குத் தெரிந்த வீட்டு லாப்ரடாருக்கு ஒவ்வொரு ஐப்பசியிலும் அரிப்பு வரும். மழை தொடங்கியதும் அதன் படுக்கையைத் திண்ணையிலிருந்து எடுத்து, உருளைக்கிழங்கு மூட்டையும் பழைய சாக்கும் அடுக்கிய பின்னறையில் போடுவது அவர்கள் வழக்கம். அந்த அறையின் சுவர் தொட்டாலே கையில் கறுப்பு ஒட்டும். படுக்கையைச் சமையலறைப் பக்கம் மாற்றி, கம்பளியை வாராவாரம் வெந்நீரில் துவைத்தார்கள். அரிப்பு முழுவதும் போகவில்லை. ஆனால் புண்ணாகும் அளவுக்குப் போவது நின்றது. மருந்தும் குறைந்தது.

மார்கழி, தையில் உறைபனி. தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். காற்று வறண்டு நாயின் தோலும் வறளும். இரவு பகலாக ஹீட்டர் பக்கத்திலேயே படுக்க விட்டால் இன்னும் வறண்டு பொடுகு உதிரும்.

அப்புறம்தான் பூக்காலம். இங்கே ஒரு பொதுவான தவறு நடக்கிறது. கண்ணைப் பறிக்கும் பூக்களைத்தான் எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள். மே மாத மலர்க் கண்காட்சியில் வைக்கும் பூக்களில் பெரும்பாலானவை பூச்சிகளை நம்பி மகரந்தம் பரப்புபவை. அவற்றின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, தூரம் போகாது. மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் சீகை மரமும் ஏறக்குறைய அந்த ரகம்தான். காற்றை நம்பும் செடிகளுக்கு அழகான பூ தேவையில்லை. புல், சைப்ரஸ் போன்றவை நம் கண்ணில் படாமலே லேசான மகரந்தத்தைக் கோடிக்கணக்கில் காற்றில் விடும். மழை கண்டு வளர்ந்த புல் கதிர் விடும் வாரங்களில், அதற்குள் புரண்டு வரும் நாயின் வயிற்றையும் பாதத்தையும் பாருங்கள். சாலையோரத்திலும் தரிசிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் மனிதர்களுக்கே தோல் அழற்சி கொடுக்கும் செடி. நடைக்குக் கூட்டிப்போகும்போது அதற்குள் நாயை விடாதீர்கள். தேயிலைத் தோட்டத்தில் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்த அன்று அந்த வரிசைக்குள் நடக்கவிடுவதும் கூடாது; அதனால் பாதம் சிவந்தால் அது ஒவ்வாமை கணக்கிலேயே வராது, ரசாயன எரிச்சல்.

கோடை சீசனையும் காலண்டரில் குறிக்க வேண்டும். சுற்றுலா வருபவர்கள் தங்கள் நாயோடு தங்கும் விடுதிகள் பெருகிவிட்டன. பள்ளி விடுமுறைக்கு நாமும் நம் நாயைக் கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் உறவினர் வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம். சமவெளியின் தெள்ளும் உண்ணியும் அப்படித்தான் மலையேறி வருகின்றன.

இவை எல்லாம் ஒன்றோடொன்று சேரும். பாதிக் குடம் தூசியால் நிரம்பியிருந்தால், கொஞ்சம் மகரந்தமும் இரண்டு தெள்ளுக் கடியும் சேர்ந்ததும் வழிந்துவிடும். மகரந்தத்தை நம்மால் தடுக்க முடியாது. தெள்ளையும் தூசியையும் குறைக்க முடியும். அப்படிக் குறைத்தாலே பல நாய்கள் பூக்காலத்தை மருந்தில்லாமல் தாண்டிவிடுகின்றன.

வீட்டில் செய்யக்கூடியது

வெளியே போய் வந்ததும் நான்கு பாதத்தையும் அடிவயிற்றையும் ஈரத்துணியால் துடைத்து, விரலிடுக்கை உலர்த்துங்கள். செலவே இல்லாத இந்த வேலைக்கு ஈடு எதுவும் இல்லை. மழைக்காலத்தில் உலர்த்துவதுதான் முக்கியம். ஈரமாகவே விட்ட விரலிடுக்கில் ஈஸ்ட் வளரும்.

அரிப்புக் காலத்தில் வாரம் ஒருமுறை குளிப்பாட்டுவது தோலில் ஒட்டியதைக் கழுவிவிடும். குளிருக்குப் பயந்து மலையில் பலர் மாதக்கணக்கில் குளிப்பாட்டுவதில்லை. வெயில் இருக்கும் நாளில், பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சூடான நீர் அரிப்பைக் கூட்டும். நாய்க்கான மென்மையான ஷாம்பு வேண்டும், நம் சோப்பு வேண்டாம். தோலில் கிருமித் தொற்று இருந்தால் மருத்துவர் குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பு எழுதித் தருவார். அதை நுரைத்தவுடன் கழுவிவிட்டால் பயனில்லை. பத்து நிமிடம் ஊற வேண்டும்.

தெள்ளு மருந்தை வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் அதனதனுக்கு உரியதைக் கொடுக்க வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும். தரையில் கிடக்கும் கூட்டுப்புழுக்கள் தீரும் வரை, குறைந்தது மூன்று மாதம் நிறுத்தாமல் தொடருங்கள். மாதம் ஒருமுறை கொடுக்கும் அஃபாக்சோலேனர், பன்னிரண்டு வாரம் வேலை செய்யும் ஃபுளூராலேனர் போன்ற மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. வலிப்பு வரும் நாயாக இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் ஒரு விஷயம். நீலகிரித் தைலம் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. தலைவலி, சளி, மூட்டுவலி, எறும்புக்கடி எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தப் பழக்கத்தில் நாயின் புண்ணிலும் தடவுகிறார்கள். நாய் அதை நக்கும். உள்ளே போனால் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை கொண்டுபோகும். கடைகளில் அதே அலமாரியில் விற்கும் விண்டர்கிரீன் தைலம் இன்னும் ஆபத்து. அதில் உள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறிதளவே சிறிய நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தேய்ப்பதும் புகையிலைத் தண்ணீர் ஊற்றுவதும் இதே கதைதான். மெடிக்கலில் வாங்கும் படர்தாமரை கிரீம்கள் பலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதுவும் நக்குவதால் உள்ளே போகும். பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரையை அலர்ஜி மாத்திரை என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

ஊசியும் அதற்கு மேலும்

ஆரம்பத்தில் சொன்ன, இரண்டொரு நாளில் அரிப்பை அடக்கும் ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். அது கெட்ட மருந்து கிடையாது. ரத்தம் வரச் சொறிந்துகொள்ளும் நாய்க்குச் சில நாள் பிரெட்னிசோலோன் கொடுப்பது கருணை. மலிவானதும்கூட. சிக்கல் எங்கே வருகிறது என்றால், தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்காமல் ஒவ்வொரு முறையும் நீண்ட நாள் வேலை செய்யும் ஊசியைப் போட்டுக்கொண்டே போகும்போதுதான். டெமோடெக்ஸ் என்னும் சிற்றுண்ணி இருந்தால் ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். தொடர்ந்து கொடுத்தால் நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும், வயிறு பானையாகும், தோல் மெலியும். நாள்பட்டுக் கொடுத்ததைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. காலண்டரும் குழம்பிவிடும்: அரிப்பு பருவம் முடிந்து நின்றதா, ஊசியால் நின்றதா என்று யாருக்கும் தெரியாது.

சொறிக்கு மாட்டுக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டினை நாய்க்குப் போடும் வழக்கமும் உண்டு. கோலி (Collie) இன நாய்களில் பலவற்றுக்கு ஒரு மரபணுக் குறை இருப்பதால் அந்த மருந்து மூளைக்குள் போய் உயிரையே எடுக்கும். உங்கள் நாயின் தாய் தகப்பனில் அந்த இனம் கலந்திருந்தால் வாய் திறந்து சொல்லுங்கள்.

மருத்துவர்களின் கையில் இப்போது வேறு மருந்துகளும் இருக்கின்றன. ஓக்லாசிட்டினிப் மாத்திரை அரிப்புச் சமிக்ஞையை ஒரே நாளில் அடக்கத் தொடங்கும். ஒரு வயதுக்கு மேற்பட்ட நாய்க்குத்தான் கொடுக்கலாம்; தொற்று இருக்கும்போது கவனம் தேவை. குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் அவதிப்படும் நாய்க்கு இது நன்றாகப் பொருந்துகிறது: காலண்டரைப் பார்த்து, பருவத்தின் தொடக்கத்தில் ஆரம்பித்து முடிவில் நிறுத்தலாம். சைக்ளோஸ்போரின் பலன் காட்ட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எதனால் அரிக்கிறதோ அதையே நுண்ணிய அளவில் ஊசியாகக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. அதற்கு ஒரு வருடம் வரை பொறுமை வேண்டும், எல்லா நாய்க்கும் பலிக்காது. ஆனால் நோயின் போக்கையே மாற்றக்கூடியது அது ஒன்றுதான். வருடத்தில் பாதிக்கு மேல் மருந்திலேயே ஓடும் இளம் நாயாக இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. போகும்போது காலண்டர், இதுவரை போட்ட ஊசி மருந்துச் சீட்டுகள், அரிப்பு உச்சத்தில் இருந்தபோது எடுத்த போட்டோக்கள் மூன்றையும் எடுத்துப் போங்கள். மலையிறங்கிப் போகும் நாளில் தோல் நன்றாக இருந்தால் போட்டோதான் பேசும்.

தேனீயோ குளவியோ கொட்டி முகம் வீங்கினால், மூச்சுத் திணறினால், அடுத்தடுத்து வாந்தி எடுத்தால், அதெல்லாம் காலண்டர் விஷயம் இல்லை. உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

கடைசியாக, குட்டி வாங்குபவர்களுக்கு. இந்த ஒவ்வாமை பரம்பரையாக இறங்கும். நாய் ஆறு மாதத்திலோ இரண்டு வயதிலோதான் சொறியத் தொடங்கும் என்பதால், நாற்பது நாள் குட்டியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. தாயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதன் முன்கால் விரல்களை விரித்துப் பாருங்கள், காதை முகர்ந்து பாருங்கள். உங்கள் வீட்டு நாய்க்கே வருடாவருடம் அரிப்பு என்றால் அதைக் குட்டி போட விடாமல் கருத்தடை செய்துவிடுங்கள்.